உஷார்! ஒரே தண்டவாளத்தில் இரண்டு கன்ட்ரோலா? இன்ஜின் கருகும்!

பரணிலிருந்து பழைய மாடல் ரயில் பெட்டியை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருக்கிறீர்களா? கூடவே புதிதாக ஒரு டிஜிட்டல் செட்டும் வாங்கிவிட்டு, இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பார்க்கலாம் என்று கை துறுதுறுக்கிறதா? நிறுத்துங்கள்! பிளக்கைச் சொருகும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

பழைய டி.சி. முறை நல்லதா, டிஜிட்டல் டி.சி.சி. நல்லதா என்ற வாக்குவாதம் பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்க கிளப்புகளில் முப்பது வருடமாக நடக்கிறது. அது ஓயப்போவதில்லை. உண்மையைச் சொன்னால் இரண்டுமே நன்றாக ஓடும். பொருள் பாழாவது வேறு இடத்தில். ‘இப்போதைக்கு ரெண்டும் இருக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைக்கிறோம் பாருங்கள், அங்கேதான் டிகோடர் கருகுகிறது, மோட்டார் வேகிறது. சில சமயம் கையில் ஷாக்கே அடிக்கிறது.

தண்டவாளத்தில் என்ன ஓடுகிறது?

பழைய முறையில் ஓடுவது நேர்மின்சாரம். அதிகபட்சம் 12 வோல்ட். குமிழைத் திருகினால் வோல்ட் ஏறும், இன்ஜின் வேகமெடுக்கும். பிளஸ், மைனஸை மாற்றினால் பின்னால் போகும். அந்தப் பாதையில் எத்தனை இன்ஜின் நின்றாலும் அத்தனையும் ஒன்றாகக் கிளம்பும். ஒன்றை நிறுத்தி இன்னொன்றை ஓட்ட வேண்டுமென்றால் பாதையைப் பிளாக் பிளாக்காக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும்.

டி.சி.சி.யில் கதையே வேறு. இன்ஜின் நின்றாலும் ஓடினாலும் தண்டவாளத்தில் எந்நேரமும் முழு மின்னழுத்தம், சுமார் 15 வோல்ட் இருக்கும். அது விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை திசை மாறிக்கொண்டே இருக்கும். அந்தத் திசைமாற்றம்தான் கட்டளை. 58 மைக்ரோ விநாடியில் மாறினால் ‘ஒன்று’. ஏறக்குறைய 100 மைக்ரோ விநாடி அல்லது அதற்கும் மேல் எடுத்துக்கொண்டு மாறினால் ‘பூஜ்யம்’. இன்ஜினுக்குள் இருக்கும் டிகோடர் இதைப் படித்து, தன் முகவரிக்கு வந்த கட்டளையை மட்டும் மோட்டாருக்குக் கொடுக்கும். ஜெர்மனியின் லென்ட்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாக வைத்து, அமெரிக்காவின் நேஷனல் மாடல் ரெயில்ரோட் அசோசியேஷன் 1994-ல் இதைப் பொதுத் தரமாக்கியது.

ஆக, இரண்டும் ஒரே மாதிரித் தண்டவாளத்தில் ஓடினாலும் ஒன்றுக்கொன்று ஆகவே ஆகாத மின்சாரங்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். முதலில் உயிர், அடுத்து இன்ஜின், கடைசியில் பர்ஸ்.

உயிருக்கு உஷார்: கழற்றிய பிளக்கிலும் 230 வோல்ட்!

இரண்டு பழைய டிரான்ஸ்ஃபார்மர்களின் ஏ.சி. வெளியீட்டை ஒன்றோடொன்று இணைத்திருக்கிறீர்களா? மார்க்லின் கம்பெனியின் ரயில் போன்ற ஏ.சி. ரயில்களில் இது சுலபமாக நடந்துவிடும். டி.சி. கன்ட்ரோலரிலும் தடம் மாற்றும் பாயின்ட் மோட்டாருக்கென்று தனியாக 16 வோல்ட் ஏ.சி. முனை இருக்கும், ‘பவர் பத்தவில்லை’ என்று இரண்டு கன்ட்ரோலரின் அந்த முனைகளைச் சேர்த்துவிடுபவர்கள் உண்டு.

இப்போது ஒன்றின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குகிறீர்கள். மற்றொன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் 16 வோல்ட், பிடுங்கிய டிரான்ஸ்ஃபார்மருக்குள் வெளியீட்டுப் பக்கமாக நுழைகிறது. டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்பக்கம், பின்பக்கம் என்ற பேதம் கிடையாது. 230-ஐ 16 ஆகக் குறைத்தது, 16-ஐ 230 ஆக ஏற்றிவிடும். உங்கள் கையில் தொங்கும் பிளக்கின் பித்தளைக் கால்களில் வீட்டு மின்சாரம்! பிடுங்கிய பிளக்தானே என்று விரல் பட்டால் முடிந்தது கதை. ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் வெளியீட்டை இன்னொன்றோடு எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்காதீர்கள். பவர் போதவில்லை என்றால் லே-அவுட்டைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கொடுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் மாமாவோ அத்தையோ சூட்கேஸில் வைத்துக் கொண்டுவந்த செட்டா? அதன் பவர் பேக்கைத் திருப்பி, அடியில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். ‘120 வோல்ட்’ என்று மட்டும் இருந்தால், நம் வீட்டுச் சுவரில் சொருகக் கூடாது. அடாப்டர் பின்னை மாற்றினால் வோல்ட் மாறிவிடாது! ‘100–240’ என்று இருந்தால் தைரியமாகச் சொருகலாம்.

மார்க்லினின் பழைய நீல நிற டிரான்ஸ்ஃபார்மர்கள் 220 வோல்ட் காலத்துச் சரக்கு. ரயிலின் திசையை மாற்ற அவை 24 வோல்ட் அடி ஒன்றைக் கொடுக்கும். 230 வோல்ட் வீட்டில் அந்த அடி இன்னும் பலமாக விழும். அந்தக் கால ரிலே அதைத் தாங்கிக்கொண்டது; இந்தக் கால டிகோடர் தாங்காது. உறை விறைத்து வெடித்த வயர் உள்ள எந்த டிரான்ஸ்ஃபார்மரும் காட்சிக்கு மட்டும்.

இன்ஜினுக்கு உஷார் 1: நடுவில் நிற்கும் சக்கரம்

‘ஒரு பாதைக்கு டி.சி., பக்கத்துப் பாதைக்கு டி.சி.சி. கொடுத்தால் என்ன? நடுவில் தண்டவாளத்தை வெட்டிவிட்டால் போச்சு!’ பலரும் விழும் குழி இதுதான். அந்த வெட்டின் அகலம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இன்ஜின் அதைத் தாண்டும்போது முன் சக்கரம் அந்தப் பக்கம், பின் சக்கரம் இந்தப் பக்கம். அந்தக் கணத்தில் இரண்டு மின்சாரமும் இன்ஜினுக்குள்ளேயே கைகுலுக்குகின்றன. தண்டவாளத்துக்கு டி.சி.சி. மின்சாரத்தைக் கொடுக்கும் பூஸ்டரின் முழு வேகமும் டி.சி. கன்ட்ரோலருக்குள் பாயும். எது முதலில் போகும் என்பது அன்றைய அதிர்ஷ்டம்.

இரண்டு முறையும் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஒரே வழி இதுதான்: மொத்த லே-அவுட்டுக்கும் ஒரே சுவிட்ச். அதில் இரண்டு வயரும் ஒன்றாக மாற வேண்டும். நடுவில் ‘ஆஃப்’ நிலையும் இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்று. அதற்கும் பயமென்றால் பிளக்கையே மாற்றிச் சொருகுங்கள்.

உஷார் 2: ‘அனலாக்’ பொத்தான்

சில டி.சி.சி. கருவிகளில் டிகோடர் இல்லாத பழைய இன்ஜினையும் முகவரி பூஜ்யத்தில் ஓட்டலாம். பாக்மன் கம்பெனியின் ஈ-இசட் கமாண்ட் கருவியில் பத்தாவது பொத்தான் இதற்கென்றே இருக்கிறது. ‘ஆஹா, டிகோடர் செலவு மிச்சம்!’ என்று மகிழாதீர்கள். கருவி அங்கே செய்வது, திசை மாறிக்கொண்டே இருக்கும் அந்தச் சதுர அலையின் பூஜ்யங்களில் ஒரு பாதியை இழுத்து நீட்டுவது. அதில் கிடைக்கும் சிறு ஏற்றத்தாழ்வில்தான் மோட்டார் சுற்றுகிறது. மீதி அலை முழுவதும் சுருளைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். காது கொடுத்துக் கேட்டால் ‘உய்ங்’ என்று ஒரு சத்தம் வரும். நிற்கும்போதுதான் இன்னும் மோசம். சுழலாத மோட்டாருக்குக் காற்றே கிடையாது. டிகோடர் இல்லாத இன்ஜினை டி.சி.சி. தண்டவாளத்தில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனீர்களென்றால், திரும்பி வரும்போது பிளாஸ்டிக் உடல் வளைந்திருக்கலாம். இரும்பு மையம் இல்லாத கோர்லெஸ் மோட்டார் என்றால் சில நிமிடத்தில் காலி.

உஷார் 3: கண்ணில் படாத வில்லன்கள்

டி.சி.யிலிருந்து டி.சி.சி.க்கு மாறுகிறீர்கள். கன்ட்ரோலரை மாற்றியாகிவிட்டது. தண்டவாளத்தோடு வயர் சேரும் அந்தச் சின்னத் துண்டை மாற்றினீர்களா? ஹார்ன்பியின் பழைய பவர் டிராக்கைத் திருப்பி மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு கப்பாசிட்டர் இருக்கும். டி.வி., ரேடியோவில் இரைச்சல் வராமல் இருக்க வைத்தது. டி.சி.க்கு அதனால் பாதகமில்லை. டி.சி.சி.யில் அது சதுர அலையின் முனைகளை மழுக்கிவிடும். இன்ஜின் கட்டளையைக் கேட்கும், கேட்காது. நீங்கள் டிகோடரைத் திட்டுவீர்கள். டிஜிட்டல் கிளிப்பையே வாங்குங்கள், அல்லது அந்தக் கப்பாசிட்டரை வெட்டியெடுங்கள்.

அடுத்த வில்லன், தண்டவாளத்தை மின்சாரத்தாலேயே ‘சுத்தம் செய்யும்’ பழைய ஹை-ஃப்ரீக்வென்சி கருவி. ரெல்கோ என்ற பெயரில் அந்தக் காலத்தில் பிரபலம். அழுக்கை எரிக்க அது உயர் மின்னழுத்தத்தைத் தண்டவாளத்தில் ஏற்றும். டிகோடர் உள்ள இன்ஜின் ஒன்றாவது தண்டவாளத்தில் இருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். மூன்றாவது, ஃபீட்பேக் வகைக் கைக் கன்ட்ரோலர். சாதாரண மோட்டாரை அழகாக ஊர வைக்கும் அது, துடிப்புத் துடிப்பாகக் கரன்ட் அனுப்பும். டி.சி.யிலும் ஓடும் என்று விற்கப்படும் டிகோடர் இன்ஜின்கள் அந்தத் துடிப்பில் குழம்பித் திணறும். கோர்லெஸ் மோட்டாருக்கும் அது ஆகாது.

உஷார் 4: பழைய இன்ஜினுக்குள் டிகோடரா? முதலில் மல்டிமீட்டர்!

பிரிட்டனில் லட்சக்கணக்கான வீடுகளில் ஓடிய ட்ரையாங் எக்ஸ்-04 மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். கார்பன் பிரஷ்ஷை அழுத்தும் ஸ்பிரிங்கின் ஒரு கைக்கு மட்டும் சின்ன உறை இருக்கும். உறை இல்லாத மறுகை வழியாக அந்தப் பிரஷ் நேராக இன்ஜினின் உலோக உடலோடு பேசுகிறது. உடல் தண்டவாளத்தோடு பேசுகிறது. டி.சி.யில் அதுதான் சிக்கன வடிவமைப்பு. அதே நிலையில் டிகோடரை இணைத்தால், தண்டவாள மின்சாரம் பின்வாசல் வழியாக டிகோடரின் மோட்டார் முனைக்குள் நுழையும். ஒரு விநாடிகூட ஆகாது. ‘பட்’! அந்த நாற்றம் அறை முழுக்க நிற்கும்.

இரண்டு சோதனை செய்யாமல் டிகோடர் உறையைப் பிரிக்காதீர்கள். ஒன்று, பழைய வயரையெல்லாம் கழற்றியபின் மல்டிமீட்டரை ‘பீப்’ நிலையில் வைத்து, ஒரு முனையை மோட்டார் பிரஷ்ஷிலும் மறுமுனையை முதலில் இடப்பக்கச் சக்கரம், பிறகு வலப்பக்கச் சக்கரம், பிறகு உடல் என்று வைத்துப் பாருங்கள். இரண்டு பிரஷ்ஷுக்கும் செய்யுங்கள். எங்கேயும் பீப் வரக் கூடாது. இரண்டு, இன்ஜினை 12 வோல்ட் டி.சி.யில், ஆம்பியர் மீட்டர் வழியாக இணைத்து, மோட்டார் தண்டை விரலால் ஒரு கணம் பிடித்து நிறுத்துங்கள். அப்போது மீட்டர் காட்டும் ஆம்பியர், டிகோடரின் அளவைவிடக் குறைவாக இருக்க வேண்டும். சாதாரண எச்.ஓ. அளவு இன்ஜினுக்கான டிகோடர் தாங்குவது சுமார் 1 ஆம்பியர். பழைய மோட்டார் பல அதைத் தாண்டிவிடும்.

பல்பையும் மறக்காதீர்கள். டி.சி.யில் முழு வேகத்தில் மட்டும் 12 வோல்ட் பார்த்த பெட்டி விளக்கு, டி.சி.சி.யில் நாள் முழுக்க 15 வோல்ட் பார்க்கும். மேலே இருக்கும் பிளாஸ்டிக் கூரை உருகலாம்.

உஷார் 5: ஷார்ட் ஆனால் நெருப்பு

சாதாரண டி.சி. கன்ட்ரோலர் 1 ஆம்பியர் அளவில் இருக்கும். பெட்டி தடம்புரண்டு ஷார்ட் ஆனால் கட்-அவுட் விழும், அவ்வளவுதான். 5 ஆம்பியர் டி.சி.சி. பூஸ்டர் அப்படியல்ல. 15 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் 75 வாட். நாம் வீட்டில் பயன்படுத்தும் 25 வாட் சால்டரிங் அயர்ன் மூன்றின் சூடு, தடம்புரண்ட ஒரு சக்கரத்தின் அடியில்! வயர் மெலிந்திருந்தால் பூஸ்டருக்கு ஷார்ட் ஆனதே தெரியாது. ‘யாரோ நிறைய ரயில் ஓட்டுகிறார்கள்’ என்று நினைத்துக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

‘டி.சி.சி.க்கு ரெண்டே வயர்’ என்பதை நம்பி மெல்லிய வயர் இழுத்தவர்கள் உடனே செய்ய வேண்டிய சோதனை இது. ஒரு நாணயத்தை எடுத்து, லே-அவுட்டின் கடைக்கோடியில் இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வையுங்கள். பூஸ்டர் உடனே கட் ஆக வேண்டும். ஆகவில்லையா? நாணயத்தை மரக்குச்சியால் தட்டிவிடுங்கள், விரலால் வேண்டாம். பிறகு லே-அவுட்டின் அடியில் 1.5 அல்லது 2.5 சதுர மில்லிமீட்டர் வயரை முதுகெலும்பாக ஓட்டி, ஏறக்குறைய மீட்டருக்கு ஒரு கிளை வயரைத் தண்டவாளத்தோடு சால்டர் செய்யுங்கள். வீட்டு லே-அவுட்டுக்கு 2, 3 ஆம்பியர் பூஸ்டர் தாராளம். பெரிய கிளப் லே-அவுட் என்றால் பகுதி பகுதியாகப் பிரித்துத் தனி பிரேக்கர் வையுங்கள்.

உஷார் 6: தானாகப் பாயும் இன்ஜின்

யாரும் தொடவில்லை. திடீரென்று ஒரு இன்ஜின் முழு வேகத்தில் கிளம்பி மேசை விளிம்பைத் தாண்டித் தரையில் விழுகிறது! பேயுமில்லை, பிசாசுமில்லை. பெரும்பாலான டிகோடர்கள் டி.சி.யையும் ஏற்கும்படி கடையிலிருந்து வருகின்றன. ஷார்ட் ஆகி மீளும் கணத்திலோ, பவர் வரும்போதோ சிக்னல் தடுமாறினால், ‘ஓ, இது டி.சி. தண்டவாளம் போலிருக்கிறது’ என்று அது எடுத்துக்கொள்கிறது. 15 வோல்ட் டி.சி. என்றால் முழு வேகம்தானே?

தீர்வு ஒரு எண்ணில் இருக்கிறது. டிகோடருக்குள் நாம் மாற்றி எழுதக்கூடிய அமைப்புகளில் ஒன்றான சி.வி. 29 வழக்கமாக 6 என்று இருக்கும். அதில் 4 என்பது டி.சி. அனுமதி. 2 என்று எழுதிவிட்டால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். நீண்ட முகவரி வைத்திருந்தால் 38-ஐ 34 ஆக்குங்கள்.

புது டிகோடர்கள் எல்லாம் முகவரி 3-ல் வரும். இரண்டு புது இன்ஜினை ஒன்றாக வைத்து ஒன்றை அழைத்தால் இரண்டும் கிளம்பும். முகவரி மாற்றும்போது அந்த ஒரு இன்ஜினை மட்டும் தனி புரோகிராமிங் தண்டவாளத்தில் வையுங்கள். அத்தனையும் நிற்கும் பாதையில் நேரடியாக எழுதினால் அத்தனைக்கும் ஒரே முகவரி ஆகிவிடக்கூடும்!

பர்ஸுக்கு உஷார்: மலிவு விலை வலை

பெட்டியில் ‘டி.சி.சி. ரெடி’ என்று போட்டிருந்தால் டிஜிட்டல் இன்ஜின் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். உள்ளே டிகோடர் இருக்காது. அதைச் சொருக ஒரு சாக்கெட் மட்டும் இருக்கும். ‘ஃபிட்டட்’ என்றால்தான் டிகோடரோடு வருகிறது. சாக்கெட்டிலும் 6, 8, 18, 21, 22 பின் என்று ரகம் ரகமாக உண்டு; எது என்று கேட்காமல் டிகோடர் வாங்காதீர்கள். சாக்கெட்டில் இருக்கும் அந்தச் சின்ன டம்மி பிளக்கை மட்டும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். நாளை மனம் மாறி, டிகோடரைக் கழற்றிவிட்டு டி.சி.க்கே திரும்பினால் அது இல்லாமல் இன்ஜின் ஓடாது.

பழைய டிஜிட்டல் எல்லாம் டி.சி.சி. ஆகாது. ஹார்ன்பி 1979-ல் ஜீரோ 1 என்ற முறையைக் கொண்டுவந்தது. 16 இன்ஜின்களைத் தனித்தனியாக ஓட்டலாம் என்பது அப்போது அதிசயம். ஆனால் அது பேசும் மொழி வேறு. இன்றைய டிகோடருக்கு ஒரு வார்த்தை புரியாது. பழைய சாமான் விற்பனையில் ‘டிஜிட்டல் கன்ட்ரோலர், மலிவு’ என்று அது கண் சிமிட்டும். அலமாரியில் அழகுக்கு வைக்க மட்டும் வாங்குங்கள்.

1994 தரத்திலும் ஒரு ஓட்டை உண்டு. தரப்படுத்தியது தண்டவாளத்து சிக்னலையும் டிகோடரையும்தான். கைக் கன்ட்ரோலரிலிருந்து மெயின் பெட்டிக்குப் போகும் கேபிள் ஒவ்வொரு கம்பெனிக்கும் அதனதன் வழி. லோகோநெட் என்ற கேபிள் முறை வேறு, எக்ஸ்பிரஸ்நெட் என்பது வேறு. டெலிபோன் பிளக் மாதிரி ஒன்றில் ஒன்று பொருந்திவிடும் என்பதால் கண்டதைச் சொருகாதீர்கள். முதல் பெட்டியை எந்தக் கம்பெனியில் வாங்குகிறீர்களோ, பெரும்பாலும் அந்தக் குடும்பத்தோடுதான் வாழ்க்கை. கிளப்பில் எது ஓடுகிறது, அவசரத்துக்கு யாரிடம் உதவி கேட்கலாம் என்று பார்த்து வாங்குங்கள்.

சரி, எதைத்தான் எடுப்பது?

ஓட்டுவது ஒருவர், ஓடுவது ஒரு இன்ஜின், சின்னப் பலகை அளவு லே-அவுட் என்றால் டி.சி. போதும், வீண் செலவு வேண்டாம். பழைய இன்ஜின் முப்பது, நாற்பது சேர்த்து வைத்திருப்பவருக்கும் டி.சி.தான்; ஒவ்வொன்றுக்கும் டிகோடர், சால்டர், இன்சுலேஷன் என்று கிளம்பினால் அது பொழுதுபோக்காக இருக்காது, ஒர்க்‌ஷாப்பாக இருக்கும்.

இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஓட்டுகிறீர்கள், இன்ஜினுக்கு நிஜச் சத்தம் வேண்டும், இரட்டை இன்ஜின் மாட்டி நீண்ட ரயில் இழுக்க வேண்டும், ஒரே ஸ்டேஷனில் நான்கு இன்ஜின் நின்று முறை வைத்துக் கிளம்ப வேண்டும் என்றால் டி.சி.சி. சுவிட்ச் காட்டுக்குள் அலைய வேண்டியதில்லை. ஆனால் பழைய இன்ஜினில் எது மாறும், எது விற்கப்படும், எது அலமாரிக்குப் போகும் என்று பட்டியல் போட்டபின் வாங்குங்கள்.

இரண்டும் வீட்டில் இருந்தே தீரும் என்றால் ஒரு சட்டம் போடுங்கள். டிகோடர் இல்லாத ஒவ்வொரு இன்ஜினின் அடியிலும் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி வைத்தது டி.சி.சி. தண்டவாளத்தில் ஏறக் கூடாது. ரயிலைப் பார்த்ததும் ஓடிவந்து கையில் தூக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் இந்தச் சட்டத்தைச் சொல்லிவையுங்கள், ஏனென்றால் பெரும்பாலும் தண்டவாளத்தில் எடுத்து வைக்கப்போவது அவன்தான்!